நூறு ரூபாய் வெட்டும் பிள்ளைக் கயிறும்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். இப்போதைய எம்.எல்.ஏ. ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறாராம். பழவேற்காட்டில் ஒரு பாய் இருக்கிறார், சட்டமன்ற வேலையெல்லாம் அவருக்கு அத்துப்படி என்று யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். "சார், வெட்டுத் தீர்மானம்னா என்ன சார், அதை எப்படி எழுதணும்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டதாக நினைத்து அவர் மன்னிப்பு வேறு கேட்டார். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. வெட்டுத் தீர்மானம் என்று காதில் விழுந்தாலே எனக்கு ஒரு எம்.எல்.ஏ. இடுப்பில் கயிற்றோடு 'கூ' என்று ஊதிக்கொண்டு மணலில் ஓடுவதுதான் கண்ணில் வரும். போனில் சொன்னால் நம்ப மாட்டார். அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வாப்பாவுக்குப் பழவேற்காடு கடைத்தெருவில் கயிறும் வலை நூலும் விற்கிற கடை. நான் பொன்னேரிக்குப் போய்த் தமிழ்த் தட்டச்சு படித்தேன். அதை வைத்துக்கொண்டு எந்தப் படகைக் கட்டப் போகிறாய் என்று வாப்பா கேட்டார். எழுபதுகளின் பிற்பாதியில், தேர்தலில் நிற்கிற ஒருவருக்கு நோட்டீஸ் தட்ட ஆள் வேண்டுமென்று கூப்பிட்டார்கள். போனேன். அவர் ஜெயித்துவிட்டார். யாருமே எதிர்பார்க்கவில்லை, அவர் உட்பட. நானும் அப்படியே ஒட்டிக்கொண்டேன்.

அவர் பெயர் வேண்டாம். தொகுதி முழுக்க 'டிக்கெட் ஐயா' என்றுதான் சொல்வார்கள். கட்சி டிக்கெட் கொடுத்ததால் வந்த பெயர் அல்ல அது. அரசியலுக்கு வரும் முன்பு ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற கிளார்க்காக இருந்தவர். வேலையை விட்டாரே தவிர அந்த ஜன்னல் அவரை விடவில்லை. மனு கொடுக்க யார் வந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காதைக் கொடுப்பார். வாயைத் திறந்ததும் முதலில் வருவது, "எங்கே போகணும்?" பழக்கதோஷம். ஒரு தடவை முதியோர் பென்ஷன் கேட்டு ஒரு பெரியவர் வந்தார். "எங்கே போகணும்?" என்றார் ஐயா. "போற எடத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் கழிச்சிப் போறேங்க, அதுக்குள்ள பென்ஷனக் குடுங்க" என்றார் பெரியவர். அந்த வாரம் முழுக்க நான் தட்டச்சு மிஷின் முன்னால் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வரிசையில் கடைசி ஆள் போகும் வரை எழுந்திருக்க மாட்டார். அப்புறம் வா என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. வண்டி வந்துவிடும், அப்புறம் எப்படி வருவான் என்பார்.

குப்பத்துக்கு அவர் முதன்முதலாக வந்தது ஓட்டுக் கேட்க. லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வடக்கே இருக்கிற ஒரு சின்னக் குப்பம் அது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் ஒரு கை அகலத்துக்கு மணல். ஐயாவுக்கு நீச்சல் தெரியாது. படகின் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். போய்ச் சேர்ந்தால் குப்பத்தில் ஆள் இல்லை. ஆண்கள் கடலுக்குப் போய்விட்டார்கள். பெண்கள் ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலைக் கொட்டகையின் நிழலில் குழந்தைகள் மட்டும் இருந்தார்கள். ஒவ்வொரு குழந்தையின் இடுப்பிலும் கயிறு, கயிற்றின் மறுமுனை கொட்டகைக் கம்பத்தில்.

ஐயா பக்கத்தில் இருந்த ஒரு பெண் குழந்தையின் முடிச்சை அவிழ்த்தார். முடிச்சு அவிழ்ந்ததுதான் தாமதம், அது நேராகத் தண்ணீரைப் பார்த்து ஓட்டம் பிடித்தது. இவர் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால். ஏரியில் முழங்கால் ஆழத்தில் குழந்தையைப் பிடித்தும் பிடித்தார், அலறியும் அலறினார். அலறல் கேட்டு, இறால் போடுகிற ஓலைப் பறியை வாயில் கவ்வியபடி ஒரு பெண் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அவள்தான் தேசம்மா. குழந்தை கஸ்தூரி. வந்தவள் பறியை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"யார்யா கயித்த அவுத்தது?"

"நான்தாம்மா."

"உனுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"எனுக்குத் தெரியும். அப்டி இருந்தும் பயந்துக்கினு கட்டிப் போட்டுட்டுப் போறேன். நீ அவுத்துட்ட."

புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, அவள் தண்ணீரில் இறங்கினால்தான் வீட்டில் உலை என்பதையெல்லாம் பிறகு தெரிந்துகொண்டோம். அன்றைக்கு அவள் மறுபடி குழந்தையைக் கட்டிவிட்டு ஏரிக்குள் போய்விட்டாள். ஐயா ஓட்டுக் கேட்கவே இல்லை. திரும்பி வரும்போது படகில், "பாய், அந்தக் கயிறு உங்க கடையிலதா?" என்றார். எங்கள் கடைக் கயிறுதான். குப்பத்துப் பெண்கள் வந்தால் கயிற்றைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். உறுத்தாத பருத்திக் கயிறாக வேண்டும் என்பார்கள். அது குழந்தை இடுப்புக்கு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மனசு என்னவோ செய்தது.

ஜெயித்த பிறகு ஐயா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, அந்தக் குப்பத்துக்கு ஒரு பால்வாடி வாங்கிக் கொடுத்தார். சத்துணவுத் திட்டம் வருவதற்கு முந்தைய காலம் அது. பால்வாடி என்றால் ஒரு ஓலைக் கொட்டகை, ஒரு டீச்சர், மாவும் எண்ணெயும் வைக்க ஒரு தகரப் பெட்டி. பொருள் மாதா மாதம் பொன்னேரியிலிருந்து வந்து, பழவேற்காட்டில் படகேறிப் போகும். பெண்கள் பிள்ளைக் கயிறுகளைச் சுருட்டி வலைக் கொட்டகைக் கூரையில் சொருகிவிட்டார்கள். தேசம்மா மட்டும் ஐயாவைப் பார்த்தால் சிரிக்க மாட்டாள். மழை வரட்டும் பார்க்கலாம் என்பாள்.

மழை வந்தது. ஐப்பசியில் ஏரி ஏறி, முகத்துவாரத்தில் தண்ணீர் இழுக்க, சாமான் படகு போகவில்லை. தகரப் பெட்டி காலி. டீச்சர் வெறும் கையோடு எத்தனை நாள் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார்? பால்வாடி மூடிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் ஏரியில் இறால் கொழுக்கிற காலமும் அதுதான். பெண்கள் தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும். கயிறுகள் கூரையிலிருந்து இறங்கின. படகு போகத் தொடங்கியதும் முதல் படகில் நாங்கள் போனோம். கஸ்தூரி கம்பத்தில் கட்டுண்டு நின்றுகொண்டு ஐயாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். இந்தத் தடவை அவர் அவிழ்க்கவில்லை. தேசம்மா வரும் வரைக்கும் அவள் பக்கத்தில் ஈர மணலில் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குப் பிடித்தது அவருக்கு அந்தப் பித்து. மழைக்கு முன்பே மூன்று மாதப் பொருளைத் தீவுக் குப்பங்களில் கொண்டுபோய் இருப்பு வைக்க வேண்டும், அதற்கு பட்ஜெட்டிலேயே ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். தலைமைச் செயலகத்தில் ஒரு அதிகாரியிடம் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். அதிகாரி நல்ல மனிதர், டீ எல்லாம் கொடுத்தார். ஆனால் இந்த மாதம் சாப்பிடுவதற்குத்தான் இந்த மாதம் பணம், அதுதான் விதி என்றார். மழை பெய்யாமல் போனால் பொருள் சும்மா கிடக்குமே என்றும் கேட்டார். "சும்மா கிடக்கணும் சார். அதுக்குப் பேர்தான் இருப்பு" என்றார் ஐயா. அதிகாரி இன்னொரு டீ சொன்னார். அதோடு சரி.

இனி சபையில்தான் பேச வேண்டும். ஐயா எதிர்க்கட்சி வரிசை, அதிலும் பின்வரிசை. அவருக்குப் பேச நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அங்கேதான் வெட்டுத் தீர்மானம் வருகிறது. போன் செய்த தம்பி, இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குச் சபையிடம் பணம் கேட்கும். அது மானியக் கோரிக்கை. அந்தத் துறையின் மேல் உங்களுக்கு ஒரு குறை இருக்கிறது, அதைப் பேச வேண்டும் என்றால், 'இந்தக் கோரிக்கையில் நூறு ரூபாய் குறைக்க வேண்டும்' என்று எழுதிக் கொடுப்பீர்கள். கீழே என்ன குறை என்று ஒரே வரி. நூறு ரூபாய் என்பது சும்மா ஒரு அடையாளம். நிஜமாகக் குறைக்க யாருக்கும் ஆசை கிடையாது. கதவைத் தட்டுகிற மாதிரி அது. தட்டுகிறவன் கதவை உடைக்க வந்தவன் இல்லை. அமைச்சர் பதில் சொல்வார். பிறகு குரல் வாக்கெடுப்பு. தீர்மானம் தோற்கும். தோற்றுவிட்டுச் சந்தோஷமாக வெளியே வந்து காப்பி குடிக்கலாம்.

சமூக நலத் துறை மானியத்தன்று நான் பார்வையாளர் மாடத்தில் இருந்தேன். ஐயா எழுந்து தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டார். எங்கே போகணும் என்று அமைச்சரைக் கேட்டுவிடுவாரோ என்று நான் மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. பெரிய ஸ்டேஷன்களில் ஒரு இன்ஜின் எந்த வண்டியிலும் மாட்டாமல் தனியாகப் புகை விட்டுக்கொண்டு நிற்கும், அதைப் பார்த்து யாராவது தண்டச் செலவு என்று சொல்வார்களா, ஓடுகிற இன்ஜின் நடுவழியில் நின்றால்தானே அதன் அருமை தெரியும் என்று ஆரம்பித்தார். பிறகு கயிற்றைப் பற்றிச் சொன்னார். சபையில் சிரிப்பு நின்றுவிட்டது. அமைச்சர் எழுந்து, உறுப்பினர் சொன்னது கவனிக்கப்படும் என்றார். தீர்மானம் வழக்கம்போல் தோற்றது. நாங்கள் இரண்டு பேரும் கேன்டீனில் போண்டா சாப்பிட்டோம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

குப்பத்துக்குப் போய் நல்ல சேதி சொல்ல வேண்டும் என்று ஐயா துடித்தார். ஆனால் எங்களுக்கு முன்பே சேதி போய்விட்டது. ஏதோ ஒரு மாலைப் பேப்பர், மூலையில் சின்னதாக, பால்வாடிப் பணத்தில் நூறு ரூபாய் குறைக்க வேண்டும் என்று எங்கள் எம்.எல்.ஏ. சட்டசபையில் கோரிக்கை வைத்தார் என்று போட்டிருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் பேப்பர் பழவேற்காட்டில் பஜ்ஜி மடித்து, பஜ்ஜியோடு படகேறிக் குப்பத்துக்குப் போயிருக்கிறது. பெண்கள் டீச்சரைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் எழுத்து மாறாமல் படித்துவிட்டார்.

நாங்கள் இறங்கியபோது கரையில் பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். மாலை போடத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்து ஐயா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தேசம்மா முன்னால் வந்தாள்.

"பால்வாடிப் பணத்துல நூறு ரூவா கொறைக்கணும்னு சொன்னியா, இல்லியா?"

வேறு எந்த எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் மழுப்பியிருப்பார். இவர் டிக்கெட் ஜன்னல்காரர். கேட்ட கேள்விக்குத்தான் பதில்.

"சொன்னேன். ஆனா..."

"ஆனாலாம் வாணாம் ஐயா. நாங்க ஓட்டுப் போட்டு அனுப்பனா, நீ அங்க போயி எங்க புள்ளைங்க மாவுல கை வெக்கிறியா? சர்தான். பால்வாடி வாணாம்னா நீயே பாத்துக்க."

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்த கஸ்தூரியை இறக்கி அவர் கையில் கொடுத்தாள். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஒன்று என் தோளில், ஒன்று என் காலில். டீச்சரையும் ஒருத்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டீச்சர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். பறிகளை எடுத்துக்கொண்டு அத்தனை பேரும் ஏரியில் இறங்கிவிட்டார்கள். எங்களைக் கொண்டுவந்த படகுக்காரர் அதே ஊர்க்காரர். படகு தள்ளுகிற கழியைத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் இன்னா பாய் பண்றது, எங்க வூட்டம்மாவும் அதுல கீது" என்று சொல்லிவிட்டு அவரும் நடையைக் கட்டினார்.

அடுத்து நடந்ததை முழுக்க விவரித்தால் ஐயாவின் மானம் போகும். அதனால் பாதி சொல்கிறேன். ஒரே நேரத்தில் எல்லாம் அழுதன. ஒன்று என் மூக்குக் கண்ணாடியை மணலில் புதைத்தது. ஐயா மேடைப் பேச்சுக் குரலில், அமைதி, அமைதி என்றார். அவர் தோளில் இருந்த குழந்தை அவர் காதைக் கடித்தது. பெண்களுக்குக் காட்டலாம் என்று நான் கொண்டுவந்திருந்த தீர்மான நகல்களின் மேல் ஒரு பையன் சாவகாசமாக நின்று ஒன்றுக்குப் போனான். அதற்குள் இரண்டு குழந்தைகள் தண்ணீரைப் பார்த்து ஓடின. ஐயா ஒன்றைப் பிடிக்க, நான் ஒன்றைப் பிடிக்க, பின்னாலிருந்து இன்னொன்று புறப்பட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர். ஐயாவின் முகம் வெளுத்துவிட்டது. அவர் கண் கூரையில் சொருகியிருந்த கயிறுகளின் மேல் போனதை நான் பார்த்தேன்.

கட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். எனக்கே அந்த எண்ணம் வந்துவிட்டிருந்தது. அவர் எல்லாக் கயிறுகளையும் எடுத்து, முனையோடு முனை முடிந்து, ஒரே நீளக் கயிறாக்கினார். அதன் இரண்டு நுனியையும் சேர்த்துப் பெரிய வளையமாக்கி மணலில் போட்டார். பிறகு பால்வாடிக்குள் போய் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, உலகத்திலேயே அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வேலையை ஆரம்பித்தார்.

"வரிசையில வா. எங்கே போகணும்?"

குழந்தைகள் வாயடைத்து நின்றன. நனையாமல் மிஞ்சிய தீர்மான நகல்களைக் கிழித்து அவர் டிக்கெட் கொடுக்கிறார், நான் மூக்குக் கண்ணாடி இல்லாமல் தடவித் தடவி வரிசையை நிறுத்துகிறேன். ஒன்று பொன்னேரி என்றது. ஒன்று ஆயா வீடு என்றது. கடலுக்கு என்ற பையனிடம், அங்கே ஸ்டேஷன் இல்லை, பழவேற்காட்டில் இறங்கிக்கொள் என்றார். கஸ்தூரியின் முறை வந்தது. ஜன்னல் எட்டவில்லை, தூக்கிப் பிடித்தேன்.

"எங்கே போகணும்?"

"எங்க நைனா போன ஊருக்கு."

ஐயாவின் கை நின்றது. அவர் குனிந்து கையிலிருந்த தாளைப் பார்த்தபடி, "அந்த வண்டி இன்னைக்கு இல்லம்மா" என்றார். பிறகு ஒரு துண்டைக் கிழித்து, "இன்னைக்குப் பக்கத்துல இருக்கிற கோட்டைக்குப்பம் வரைக்கும்தான் வண்டி. போய்ட்டு வா" என்று கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கி இடுப்புப் பாவாடையில் சொருகிக்கொண்டாள்.

அப்புறம் வண்டி கிளம்பியது. வளையத்துக்குள் குழந்தைகள் வரிசையாக, முன்னால் இன்ஜினாக ஐயா இடுப்பில் கயிற்றோடு, கடைசியில் கார்டு நான், கையில் கொடியாக என் துண்டு. கூ என்று ஊதிக்கொண்டு குப்பத்தை எத்தனை சுற்று சுற்றினோம் என்று தெரியாது. ஒரு குழந்தையும் கயிற்றை விட்டு வெளியே போகவில்லை. நடுவில் தகரப் பெட்டியைத் திறந்து மாவு உருட்டிக் கொடுத்தோம். உருட்டத் தெரியாமல் உதிர்த்துத்தான் கொடுத்தோம். ஐயாவின் வேட்டி இருந்த கோலத்தைப் பார்த்து நான் சிரிக்க, என் முகத்தில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்து அவர் சிரிக்க, என் வாழ்நாளில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

பெண்கள் கரையேறியபோது வண்டி கோட்டைக்குப்பம் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தது. கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள அவர்கள் என்னமோ முயற்சி செய்தார்கள். முதலில் டீச்சர் சிரித்துவிட்டார். பிறகு எல்லாரும். தேசம்மா மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றாள். ஐயா இன்ஜினாக இருந்தபடியே மூச்சு வாங்க வெட்டுத் தீர்மானத்தை விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நூறு ரூவா கொறைன்னு சொன்னாதான் பேச உடுவாங்களா?"

"ஆமா."

"அப்ப ஆயிரம் ரூவான்னு சொல்றதுதான? இன்னும் ரொம்ப நேரம் பேச உடுவாங்க."

சட்டமன்ற விதிகளில் இதற்குப் பதில் இல்லை. ஐயா என்னைப் பார்த்தார், நான் ஏரியைப் பார்த்தேன்.

"சரி, கடைசில இன்னா ஆச்சு?"

"தோத்துட்டேன்."

"அப்ப நூறு ரூவாயக் கொறைக்கல?"

"கொறைக்கல."

"நல்ல வேள தோத்த" என்று சொல்லி, அவள் முதன்முதலாக ஐயாவைப் பார்த்துச் சிரித்தாள். படகுக்காரர் கழியோடு திரும்பி வந்தார். படகில் ஏறும்போது யாரோ ஒரு பறி இறாலை என் மடியில் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஐயா அந்த இருப்பை விடவே இல்லை. கேள்வி நேரம், மனு, நேரில் என்று விடாமல் நச்சரித்தார். அந்த அதிகாரியின் அறையில் நாங்கள் குடித்த டீக்குக் கணக்கே கிடையாது. காரியம் கனிகிற நேரத்தில் சபை கலைந்தது. அடுத்த தேர்தலில் ஐயா நின்றார், தோற்றார். குப்பத்து ஓட்டெல்லாம் அவருக்குத்தான் விழுந்தது என்று சொன்னார்கள். குப்பத்து ஓட்டு எத்தனை பேர் ஓட்டு? நான் அழுதேன். அவர் அழவில்லை. ஜன்னலை மூடுகிறவர் மாதிரி மேஜை டிராயரை மூடிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் உத்தரவு வந்தது. தீவுக் குப்பங்களின் பால்வாடிகளுக்கு மூன்று மாதப் பொருள் முன்கூட்டியே. ஐயாவின் பெயர் அதில் இல்லை, இருக்கவும் இருக்காது. பழவேற்காடு கரையில் படகில் மூட்டை ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் ஆள் அனுப்பினேன். அவர் பஸ் பிடித்து வந்து கரையில் ஓரமாக நின்று பார்த்தார். ஏறுங்கள் ஐயா என்றேன். இப்போது நான் யார் ஏறுவதற்கு என்றார். கழி வைத்திருந்த பழைய படகுக்காரர் அவரை இரண்டு கையாலும் தூக்கி மூட்டைகளின் மேல் உட்கார வைத்துவிட்டார். நானும் ஏறிக்கொண்டேன்.

குப்பத்துக் கரையில் தேசம்மா நின்றிருந்தாள். மூட்டைகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இந்த வாட்டி நீ தோத்தது நல்லாவே இல்ல ஐயா" என்றாள். குரல் உடைந்திருந்தது. ஐயா இறங்காமல் படகில் நின்றபடி மேல் துண்டால் முகத்தைத் துடைத்தார். கொட்டகைக் கூரையைப் பார்த்தேன். கயிறு ஒன்றுகூட இல்லை. எல்லாம் அந்தப் பெரிய வளையமாகவே, அவர் போட்ட முடிச்சுகளோடு, குழந்தைகளின் கையில் இருந்தது. வண்டி கரைக்கு வந்து நின்றது. இன்ஜின் கஸ்தூரி. நன்றாக வளர்ந்திருந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, முகத்தைப் பார்க்காமல், அச்சு அசல் அவரைப் போலவே கேட்டாள்.

"எங்கே போகணும்?"

அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"இங்கதாம்மா."

கஸ்தூரி கொஞ்சம் யோசித்தாள்.

"இங்கதான்னா டிக்கெட்டு எதுக்கு?" என்றாள். "எறங்கு."